நாடகத்துக்குக் கொடுத்த படம்

ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அஜிஷா அப்பாவுக்கு,

உங்கள் ரெஜிலா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் நானும் பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் கை ஓட மாட்டேன் என்கிறது.

உங்கள் நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் போன் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள். அவள் மூச்சு எடுக்கிற இடம் வரைக்கும் எனக்கு மனப்பாடம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கடிதம். அங்கே தமாமில் டீக்கடை வைத்திருக்கிற தேங்காப்பட்டணம் மைதீன் கனி காக்கா லீவில் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் கடையில் போய் உட்காருவேன் என்று சொல்வீர்களே, அவர்தான். இன்று ராத்திரி திருவனந்தபுரத்தில் பிளைட் ஏறுகிறார். மத்தியான பஸ்ஸில் போய் இதை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குள் எழுதி முடிக்கவேண்டும், அழாமலும் எழுதவேண்டும், மை பரவினால் உங்களுக்கு வாசிக்க வராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படம் போட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அச்சடித்த ஒரு போர்டின் போட்டோ எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் பதறாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். அது நாங்கள் உங்களைக் கைகழுவி வைத்த போர்டு இல்லை. அது ஒரு நாடகத்துக்காக அடித்தது. எப்படி அது தெருவுக்கு வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நம் வாசகசாலைக்காரர்கள் பொங்கல் லீவில் இரண்டு நாள் கலை இலக்கிய விழா வைத்தார்கள். ரப்பர் ஷீட் கடை ஞானதாசன்தான் செயலாளர். அந்த மனுஷனுக்குக் கவிதைப் பைத்தியம் கூடிக்கொண்டே போகிறது. ஷீட் எடைபோடும்போதே எதுகை பார்ப்பார் என்று ஊரில் கேலி. கவியரங்கம், பட்டிமன்றம், தாய்மாருக்குப் பாட்டுப் போட்டி, நாகர்கோவிலில் இருந்து ஓர் எழுத்தாளர், கடைசியில் பிள்ளைகளின் நாடகம் என்று நோட்டீஸ் அடித்து வீடுவீடாகக் கொடுத்தார்கள். என்னையும் பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

நாடகத்தை எழுதியது உங்கள் மகள் அஜிஷா. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை கணக்கைப் படிக்காமல் இதையே எழுதிக்கொண்டிருந்தாள். என்ன கதை என்று கேட்டதற்கு, கல்ஃபுக்குப் போன ஒரு ஆளின் வீட்டுக் கதை என்று மட்டும் சொன்னாள். பெயர் ‘ஓவர்டைம்’ என்றாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. மேலே கேட்கவில்லை. எதையும் மேலே கேட்காமல் இருக்க நான் நன்றாகப் பழகிவிட்டேன்.

நாடகத்தில் ஒரு காட்சியில் அந்த ஆள் செத்துப்போனதாக போர்டு ஒன்று மேடைக்கு வரவேண்டுமாம். நம் ஊரில் சாவுக்கு போர்டு இல்லாமல் அடக்கம் ஏது? ஆனால் அந்த போர்டில் போட ஒரு படம் வேண்டும். உயிரோடு இருக்கிற எவன் தன் படத்தைக் கொடுப்பான்? நடிக்கிற பையன்களின் வீட்டில் அடிக்கவே வந்தார்களாம். ஒருத்தர் செத்துப்போன தன் சித்தப்பா படத்தைத் தருகிறேன் என்றார், சித்தி சண்டைக்கு வந்துவிட்டாள். இன்டர்நெட்டில் எடுத்த முகம் எதையாவது போட்டால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள் என்று இவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் படத்தைக் கொடுத்துவிட்டாள். போன தடவை லீவுக்கு வந்தபோது மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எடுத்தது, நீலச் சட்டை. அதன் கீழே ‘எங்கள் அப்பா, வெளிநாட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறாள். கதையில் வருகிற ஆளின் பெயரை அச்சடித்தால் நாடகம் என்று தெரிந்துவிடுமாம், அதனால் பெயர் வேண்டாமாம். பெயர் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது.

அருமனையில் கொடுத்து விழா போர்டுகளை அடித்தபோது இதையும் அதோடு சேர்த்தே அடித்து ஒரே சுருளாகச் சுருட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னே ரோட்டோரம் எல்லா போர்டையும் கட்டியது மைக் செட் ஐயப்பன். அவர் குலசேகரம் பக்கத்து ஆள், உங்களைத் தெரியாது. சுருளைப் பிரித்திருக்கிறார், சாவு போர்டு இருந்திருக்கிறது, ஊரில் யாரோ செத்திருக்கிறார்கள், அதையும் கட்டச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் முக்கில் கல்யாணமும் சாவும் ஒரே கம்பத்தில்தானே தொங்கும். ‘கலை இலக்கிய விழாவுக்கு வருக வருக’ என்று மேலே, அதற்குக் கீழே நீங்கள்.

கோவிலில் மணி அடிக்கிற ரசலையன் பால் வாங்கப் போனவர் அதைப் பார்த்தார். சபையில் ஒரு ஆள் செத்தால் முதலில் அவருக்குத்தான் சொல்லிவிடவேண்டும் என்பது அவருடைய ரோஷம். ராத்திரியில் போன் வந்திருக்கும், வீட்டில் அழுகிற அவசரத்தில் சொல்ல மறந்திருப்பார்கள், நாமாவது முறையாகச் செய்வோம் என்று நேரே கோவிலுக்குப் போய் துக்க மணியை அடித்துவிட்டார்.

அந்த மணி எனக்குக் கேட்டது. அதை உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அண்டியாபீசுக்குக் கொண்டுபோக அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வைத்திருந்தேன். பிள்ளை ஒத்திகை என்று விடிந்ததும் போயிருந்தாள். மணி ஒற்றை ஒற்றையாக இழுத்து விழுந்தது. யார் வீடோ என்று நினைத்தேன். கிழக்கே படுக்கையில் கிடக்கிற பெரியவராக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எல்லாரும் செய்வதுபோல நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, எந்த வீடானாலும் அந்த வீட்டுப் பெண்ணைத் தாங்கிக்கொள்ளும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். ஜெபித்துவிட்டு மிளகாய் அரைக்கப் போய்விட்டேன். என் புருஷனுக்கு அடித்த மணிக்கு நான் அடுத்த வீட்டுக்காரிக்கு ஜெபிப்பதுபோல ஜெபித்துவிட்டு மிளகாய் அரைத்தேன்.

பிறகு செல்லபாய் அக்கா வந்தாள். அண்டியாபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பு உடைக்கிறவள், வாய் ஓயாதவள், உங்களுக்குத்தான் தெரியுமே. அன்றைக்கு வாசலில் இருந்து ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. நேரே அடுக்களைக்குள் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கேஸ் அடுப்பை அணைத்தாள். கிழங்கு பாதி வெந்திருந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எனக்கும் தெரியும், நானும் எத்தனை வீட்டில் போய் அணைத்திருக்கிறேன். அவள் கை திருகில் இருக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ‘இரி மக்கா’ என்று மட்டும் சொன்னாள். நான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். யாரோ பாயை விரித்தார்கள். ஆம்பிளைகள் முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். ஒருத்தி என் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். எல்லாரும் அழுதார்கள், நான் அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்றார்கள். அது அதிர்ச்சி இல்லை. உங்களிடம் மறைப்பானேன். எப்படிச் செத்தார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. யார் போன் பண்ணினார்கள், எப்போது, எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ முன்னாலேயே சொல்லி வைத்திருந்த ஆள் வந்ததுபோல உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே குட்டு உடைந்திருக்கும். வந்தவர்கள் எல்லாருக்கும் நான்தான் தகவல் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைப்பு. நான் அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். யாரும் யாரையும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பிள்ளை ரோட்டில் இருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. ‘அம்மா, அது நாடகத்துக்குள்ளது, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல’ என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தாள். பின்னாலேயே ஞானதாசன் அந்த போர்டைக் கிழித்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த மனுஷனுக்கு வார்த்தை வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முக்காடு எல்லாம் இறங்கிவிட்டது. ரசலையனைப் பிடித்து ஊரே ஏசியது. ஒரு தடவை துக்க மணி அடித்தால் அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவர் போதகரிடம் போய்க் கேட்டு நின்றாராம். போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். எல்லாரும் உங்களுக்கு ஆயுசு கெட்டி என்றார்கள். பொய்ச் சாவுச் செய்தி வந்த ஆள் நூறு வயசு இருப்பானாம். செல்லபாய் அக்கா அணைத்த அடுப்பை அவளே பற்றவைத்து, மிச்சக் கிழங்கையும் வேகவைத்து, வந்தவர்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். சாவு வீட்டில் குடிக்கிற சாயா இவ்வளவு ருசியாக இருந்ததில்லை என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் போர்டைக் கிழிப்பதற்குள் எவனோ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். நம் ஊர்க்காரர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் நீங்கள் செத்துவிட்டீர்கள். குவைத்தில் இருந்து உங்கள் சிநேகிதன் ஸ்டெனி அழுதுகொண்டே கூப்பிட்டான். உங்கள் கூடப் படித்த நெய்யூர்க்காரர் மஸ்கட்டில் இருந்து கூப்பிட்டார். யார் யாரோ என் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்கள். அன்று முழுக்க போன் என் கையில் சூடாகவே இருந்தது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் எடுத்துப் பார்ப்பேன். இவ்வளவு பேருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும், எவனாவது காட்டியிருப்பான், நான் உயிரோடு இருக்கிறேனடி என்று ஒரு வார்த்தை சொல்லக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அது நீங்கள் கட்டாயம் கூப்பிடவேண்டிய நாள். சாயங்காலம் ஆயிற்று. அன்றைக்கும் நீங்கள் கூப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. காலையில் வந்தது பயமே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கூப்பிடாததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓணத்துக்குப் பிறகு உங்கள் குரலையே கேட்கவில்லை என்பது நமக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் நீங்களும் ஒருத்தர். கேட்டவர்களிடமெல்லாம் ஓவர்டைம் அதிகம், நேற்றும் பேசினார், இளைத்துப் போய்விட்டார் என்று சொல்லிவந்தேன். கம்பெனிக்காரன் சம்பளத்தை இழுத்தடித்ததும் நீங்கள் அவனை விட்டு இறங்கி வெளியே வேலைக்குப் போனது, பாஸ்போர்ட் அந்த அரபியின் பெட்டியில் கிடப்பது, பிடிபட்டால் ஜெயில், பிறகு அந்த நாட்டுக்கே திரும்ப முடியாது என்பது, இதெல்லாம் கடிதத்தில் எழுதக் கூடாதவை என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் பேசியபோது, எம்பஸிக்கு ஒரு வரி போனாலும் பிடிபடுவது நான்தான், வாயைத் திறக்காதே என்று சொன்னீர்கள். திறக்கவில்லை. பிள்ளையையும் திறக்க விடவில்லை. இப்போது ஏன் இப்படித் துணிந்து எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

விழாக் கமிட்டியில் நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றார்கள். ஞானதாசன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நடக்கட்டும் என்று சொன்னேன். பெருந்தன்மை என்று அவர் நினைத்தார், மேடையில் வேறு அதைச் சொல்லி எனக்குக் கைதட்டு வாங்கித் தந்தார். பெருந்தன்மையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. நாடகம் நடந்தால் அது நாடகத்து போர்டு. நாடகம் நடக்காமல் போனால் அது என்ன போர்டு? எனக்கு அந்த யோசனைதான். எப்படியாவது அதை நடத்தி முடித்துவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம் நிரம்பிவிட்டது. போர்டு விஷயம் பரவி, களியக்காவிளைப் பக்கம் இருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள். இலக்கியத்துக்கு இவ்வளவு கூட்டம் கண்டதில்லை என்று நாகர்கோவில் எழுத்தாளர் கண் கலங்கினார், பாவம், அவருக்கு யாரும் காரணத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். செல்லபாய் அக்கா என் முழங்கையைப் பிடித்தபடி இருந்தாள்.

திரை விலகியதும் மேடையில் நான் நின்றேன். பிள்ளை என் மஞ்சள் வாயில் புடவையைக் கட்டி, என்னைப் போலவே முந்தானையை இடுப்பில் செருகி, அண்டி உடைத்துக் கறுத்த கைக்காக விரலில் கரி பூசியிருந்தாள். ஞானதாசனின் மகள் பிரீனா அவளுக்கு மகளாக நடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து புருஷன் பேசினாரா என்று கேட்கிறாள். இவள் சேலையைச் சரிசெய்துகொண்டே, நேற்றும் பேசினார், ஓவர்டைமாம், இளைத்துப் போய்விட்டார் என்கிறாள். கூட்டம் சிரித்தது. என்னிடம் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கியவர்கள்தானே பாதிப் பேர். அடுத்தவள் வந்து கேட்கிறாள், அதே பதில். மீன்காரர் கேட்கிறார், அதே பதில். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. செல்லபாய் அக்கா பிடியை விடவில்லை.

பிறகு மேடையில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். பிரீனா கேட்டாள், ‘நீ ஏம்மா ஒருத்தருகிட்டயும் கேக்காம இருக்க? அப்பாவ பிடிச்சுப்போடுவாவன்னா?’

மைக்கில் உங்கள் மகளின் மூச்சு கேட்டது. பிறகு சொன்னாள், ‘கேட்டா சொல்லிப்போடுவாவ மக்கா.’

அஜிஷா அப்பா, நான் அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை. வாயால் மட்டுமல்ல, படுத்துக் கிடக்கும்போது மனசுக்குள்ளும் சொன்னதில்லை. உங்களைப் பிடித்துவிடுவார்கள் என்றுதான் நான் பயப்படுகிறேன் என்று முழுக்க நம்பியிருந்தேன். நீங்கள் சொன்னபடி நடக்கிற பெண்டாட்டி என்று எனக்கே ஒரு பெருமை வேறு. பிள்ளை எனக்குள்ளே எட்டிப்பார்த்து அங்கே கிடந்ததை எடுத்து ஊருக்கு நடுவே வைத்துவிட்டாள். கேட்காத வரைக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலுக்குத்தான் நான் பயந்திருக்கிறேன்.

போர்டு வரவேண்டிய காட்சியில் அவர்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை. நாடகம் அதோடு நின்றது. கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஏன் அப்பா படத்தைக் கொடுத்தாய் என்று. அடிப்பேன் என்று நினைத்து ஒரு எட்டு விலகி நின்றாள். மேடையில் அதைப் பார்த்தாலாவது நான் வாயைத் திறந்து கத்துவேன் என்று நினைத்தாளாம். அவளும் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள், என் பயத்தைப் பார்த்து அவள் தன் பயத்தை விழுங்கியிருக்கிறாள். ரோட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அவள் உங்களைப் போலத்தான் அழுகிறாள், சத்தமே இல்லாமல், மூக்கு மட்டும் சிவந்து.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் தேங்காப்பட்டணத்துக்குப் போனோம். மைதீன் கனி காக்கா லீவில் வந்திருப்பது எனக்கு முன்னமே தெரியும். வந்த நாளில் இருந்து அவர் எதிரில் படக்கூடாது என்றே அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். அவர் வீட்டுக்காரி சைனப் பீவி எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, முதலில் தின்னுங்கள் பிறகு பேசலாம் என்று பத்திரி வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. காக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஓணத்துக்குப் பிறகு அவரும் உங்களைக் கடையில் பார்க்கவில்லையாம். நீங்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் ஒருநாள் செக்கிங் நடந்து ஆட்கள் நாலா பக்கமும் சிதறிப் போனதாகக் கேள்வி என்றார். பாலைவனத்துப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருக்கலாம், அங்கே டவர் கிடையாது என்றார். ஜெயிலிலும் இருக்கலாம், ஜெயில் என்றால் நல்லது தங்கச்சி, ஜெயிலில் கணக்கு இருக்கும் என்றார். நல்ல மனுஷன். எனக்கு முதலிலேயே தெரியும் என்று நினைத்தாராம், அதனால்தான் வந்து சொல்லவில்லையாம்.

போய் இறங்கியதும் ஜெயிலில் விசாரிக்கிறேன், ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கிறேன் என்று சொன்னார். அதற்கு மேல் இன்னொரு இடத்தைச் சொல்லவந்து, பிள்ளையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்தான் சொன்னேன். ‘அங்கயும் கேளுங்க காக்கா.’ சொல்லும்போது பிள்ளை என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

நேற்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். இதுதான் நான் சொல்ல வந்த காரணம். உங்கள் பெயர், உங்கள் பாஸ்போர்ட் காப்பி, கம்பெனி பெயர், நீங்கள் வெளியே இறங்கியது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். எம்பஸிக்கு அனுப்புவார்கள். ஞானதாசன் கூடவே வந்தார். போர்டு விஷயத்தில் பட்ட குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரமாக மனுவைத் தானே எழுதுகிறேன் என்று நின்றார். கடலுக்கு அப்பால் கரைந்த கண்மணி என்று தொடங்கினார். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, என் புருஷனைக் காணவில்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று சொல்லை எழுத எனக்கு இத்தனை மாசம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு ஊரில் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். நேற்றும் பேசினார் என்று சொல்வதில்லை.

நீங்கள் கோபப்படுவீர்கள். நான் வேண்டாம் என்று சொன்னதை அப்படியே செய்துவிட்டாளே என்பீர்கள். கோபப்படுங்கள். ஏதாவது ஒரு மறைவில் இருந்துகொண்டு, என்னால் பிடிபட்டு, ஜெயிலுக்குள் உட்கார்ந்து என்னைத் திட்டுங்கள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். வெறுங்கையோடு, போட்ட சட்டையோடு அவர்கள் உங்களைக் கொண்டுவந்து திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டால் போதும். அங்கிருந்து நான் கூட்டி வந்துவிடுவேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். அண்டியாபீஸ் கை இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. பிள்ளையையும் நான் படிக்க வைத்துவிடுவேன். உங்களிடம் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் யாரிடமாவது போனை வாங்கி ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேசக்கூட வேண்டாம். பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது உங்களுக்கு முத்தம் எழுதச் சொன்னாள். நாடகத்துக்குக் கோப்பை கொடுத்தார்கள், அதை மேஜையில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள், அப்பா வந்து எடுத்து வைக்கட்டும் என்று. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தை முக்கியமாக.

என்றும் உங்கள்,
ரெஜிலா

பின்குறிப்பு: இதைப் பிரித்து வாசிக்கிறவர் என் புருஷன் ஷிபு இல்லாமல் வேறு யாராவது தமிழ் தெரிந்தவர் என்றால், ஐயா, கடிதத்தைப் படித்ததற்காகச் சங்கடப்பட வேண்டாம். உறையின் பின்பக்கம் என் நம்பர் இருக்கிறது. அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்தாலும், அது எதுவானாலும், என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன். இடையில் போனை வைக்க மாட்டேன், கடைசிவரைக்கும் கேட்டுக்கொள்வேன்.